கொயினாப் பட்டையும் மருந்துக் கடையும்

பிணி தீர்க்கும் மருந்து உலகில் இருப்பது ஒன்று. அது பிணியாளனின் கைக்கு வந்து சேர்வது மற்றொன்று. மருந்தைக் கண்டுபிடித்தோரின் வரலாறு பல நூல்களில் விரிவாகக் கூறப்பட்டிருக்கிறது. அம்மருந்து எந்த வழியாக, என்ன விலைக்கு, யாருடைய கையினால் மக்களைச் சென்றடைந்தது என்னும் வரலாறு அவ்வளவாக எடுத்துரைக்கப்படவில்லை. ஆயினும் ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வரலாறே. இலங்கையின் மலைநாட்டுத் தலைநகராகிய கண்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளாகும். இருநூறு ஆண்டுகளுக்குள் ஒரே மருந்து இங்கே விளைந்ததும், இங்கிருந்து கப்பலேறிச் சென்றதும், பின்னர் வேண்டிய வேளையில் வெளியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டதும் இவ்வட்டாரத்தின் வரலாற்றில் அடங்கும். மருந்து விற்பனையைப் பொதுநலப் பணியாக மாற்றலாம் என்று உலகுக்குக் காட்டிய அறிஞர் ஒருவர் கல்வி கற்றதும் கற்பித்ததும் இவ்வட்டாரத்திலேயாகும்.

கண்டி இராச்சியத்தின் காலத்தில் மருத்துவம் கிராமத்து வைத்தியரின் கையில் இருந்தது. 'வெதறால' என்று சிங்கள மக்கள் அழைக்கும் அவ்வைத்தியர் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்த ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு சிகிச்சை செய்தார். அவரே நோயை ஆராய்பவர். அவரே மூலிகை பறிப்பவர். அவரே மருந்தை அரைத்துக் கொடுப்பவர். வைத்தியர் வேறு, மருந்து விற்பவர் வேறு என்னும் பிரிவு அன்று இல்லை. கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்பாடகம், மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்த 'பஸ்பங்குவ' என்னும் குடிநீர்ச் சரக்கு இன்றும் கண்டிக் கடைவீதிகளில் பொட்டலமாக விற்கப்படுவதைக் காணலாம். காய்ச்சலும் தடிமனும் கண்ட வீட்டில் முதலிற் கொதிப்பது இதுவே.

ஆயின் மலைநாட்டைச் சூழ்ந்த காடுகளில் குடிகொண்டிருந்த விஷக்காய்ச்சலுக்கு இக்குடிநீர் போதுமானதாக இருக்கவில்லை. அக்காய்ச்சல் கண்டியரசர்களுக்கு ஒருவகையில் அரணாகவும் அமைந்தது. 1803ஆம் ஆண்டு கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை அங்கு நிலைகொள்ள இயலாமல் அழிந்தமைக்குப் போர்க்கருவிகளைப் போலவே காய்ச்சலும் காரணமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1815ஆம் ஆண்டிலேயே கண்டி இராச்சியம் ஆங்கிலர் ஆட்சிக்கு உட்பட்டது.

அதன் பின் வந்தது கோப்பிப் பயிர்ச்செய்கை. 1820களில் கம்பளைப் பகுதியிலும் பேராதனைக்கு அருகிலும் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் 1840களில் மலைச்சரிவெங்கும் பரவின. அவற்றில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர் தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தனர். குடிநீர் அரிதான அந்த வறண்ட காட்டுவழியில் வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களைத் தொடர்ந்து வந்தன. வழியில் இறந்தோர் பலர். உயிர் தப்பி மலையேறியோரும் குளிர், ஈரம், பற்றாக்குறையான உணவு ஆகியவற்றினால் வயிற்றுளைச்சலுக்கும் காய்ச்சலுக்கும் ஆளாயினர். 1867ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. கோப்பி மூட்டைகள் துறைமுகம் செல்வதற்கு விரைவான வழி பிறந்தது. தொழிலாளருக்கு மருந்து வந்து சேர்வதற்கு அத்தகைய வழி அப்பொழுது பிறக்கவில்லை.

1858ஆம் ஆண்டு அரசாங்கம் குடிசார் மருத்துவத் திணைக்களத்தை நிறுவியது. எனினும் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சை யாருடைய பொறுப்பு என்னும் வினா நெடுநாள் விடையின்றிக் கிடந்தது. தொழிலாளர் தோட்டத்துரைமாருக்காக உழைக்கின்றனர். ஆகவே செலவும் அவர்களுடையதே என்றது அரசு. கோப்பியினால் அரசுக்கே வருமானம் பெருகுகிறது. ஆகவே செலவையும் அரசே ஏற்கவேண்டும் என்றனர் துரைமார். இவ்வழக்கின் நடுவே 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் பற்றிய முதலாவது கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்ட மாவட்டங்களை மருத்துவப் பிரிவுகளாக வகுத்தல், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வைத்திய அதிகாரியை நியமித்தல், வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் அமைத்தல் என்பன அதன் நோக்கங்கள். பின்வந்த திருத்தங்கள் ஏற்றுமதி வரியிலிருந்து இச்செலவுக்குப் பணம் திரட்டின. 1912ஆம் ஆண்டில் இச்சட்டம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது.

இச்சட்டங்களின் பயனாகத் தோட்டங்களில் 'டிஸ்பென்சர்' என்னும் ஒரு புதிய மனிதர் தோன்றினார். மருந்து கலந்து கொடுப்பதற்குப் பயின்றவர் அவர். ஆயினும் முழுநேர வைத்தியர் பல மைல்களுக்கு அப்பால் இருந்தமையால் நோயை மதிப்பிடுவதும், புண் கட்டுவதும், பிள்ளைப்பேற்றுக்கு உதவி தேடுவதும், வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டியவர் யார் என்று தீர்மானிப்பதும் அவருடைய பணிகளாயின. காலைப் பிரட்டுக்குப் பின் மருந்தறை வாயிலில் வரிசையாக நின்ற தொழிலாளர் அவரை 'டாக்டர் ஐயா' என்றே அழைத்தனர். கொயினாத் தண்ணீரும், பேதி மருந்தும், களிம்பும் அவருடைய அலமாரியின் முக்கிய செல்வங்கள்.

அவருடைய நிலைமையில் ஒரு முரண்பாடும் இருந்தது. சம்பளம் தருவது தோட்ட நிர்வாகம். சிகிச்சை வேண்டுவது தொழிலாளி. ஒருவரை நோயாளி என்று எழுதினால் அன்றைய வேலைக்கு ஓர் ஆள் குறையும். எழுதாவிட்டால் ஓர் உயிருக்கு ஆபத்து நேரலாம். மருந்து கொடுப்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் இக்கேள்வி தோட்டத்து மருந்தறையோடு முடிந்துவிடவில்லை. பிற்காலத்து மருந்துக் கடைகளிலும் அதே கேள்வி வேறு உருவில் எழுந்தது.

இந்தக் காலப்பகுதியில் கொயினா மரத்தின் வரலாறு வந்து சேர்கிறது. தென்னமெரிக்க மலைகளுக்குரிய சிங்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது ஐரோப்பியருக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. 1820ஆம் ஆண்டு பெல்த்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு மருந்தியலாளர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். கிளெமென்ற்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் பெருநாட்டிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா நாற்றுகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்த காலத்திலேயே, 1861ஆம் ஆண்டளவில், இலங்கைக்கும் வந்தன. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலையில் அவற்றுக்கெனத் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. அம்முயற்சியை நடத்தியவர் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பவர்.

முதலில் சிங்கோனாவை வளர்க்கத் துரைமார் விரும்பவில்லை. கோப்பியே பொன் விளைக்கும்போது மருந்துமரம் எதற்கு என்று எண்ணினர். 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளில் பூஞ்சண நோய் ஒன்று தோன்றியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது கோப்பிச் செல்வத்தை அடியோடு அழித்தது. அப்பொழுதே சிங்கோனா நினைவுக்கு வந்தது. கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு தேயிலையை நட்டுப் புகழ்பெற்ற ஜேம்ஸ் டெயிலர், சிங்கோனாப் பயிர்ச்செய்கையிலும் முன்னோடியாக விளங்கினார். 1880களில் மலைநாடெங்கும் சிங்கோனா பரவியது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் ஓராண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. உலகச் சந்தையே அதனால் நிரம்பி வழிந்தது.

நிரம்பிய சந்தையில் விலை வீழ்ந்தது. அதே வேளையில், கொயினாச் சத்து மிகுந்த மற்றோர் இன மரத்தை ஒல்லாந்தர் யாவாத் தீவில் வளர்த்துவந்தனர். இலங்கையின் மரங்கள் அதனோடு போட்டியிட இயலவில்லை. துரைமார் சிங்கோனாவை வெட்டிச் சாய்த்துத் தேயிலையை நட்டனர். உலகக் கொயினா வாணிகத்தின் பெரும்பகுதி யாவாவுக்கு மாறிற்று. 1913ஆம் ஆண்டு முதல் அம்சுற்றர்டாம் நகரில் அமைந்த ஒரு வாணிகக் கூட்டமைப்பு அதன் விலையை நிர்ணயம் செய்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை விளைந்த காலத்திலும் அம்மருந்து மலைநாட்டுக் கிராமத்தவனுக்கு மலிவாகக் கிடைக்க வழி செய்யப்படவில்லை. பட்டை ஏலத்துக்காக இலண்டனுக்குச் சென்றது. வங்காளத்திலோ 1892ஆம் ஆண்டு முதல் தபாற் கந்தோர்களில் ஒரு பைசாவுக்கு ஒரு பொட்டலமாகக் கொயினா விற்கும் ஏற்பாடு நடைபெற்றது. அது குறைகளற்ற திட்டமன்று. எனினும், மருந்தை மக்கள் நாள்தோறும் செல்லும் இடத்தில் வைக்கவேண்டும், கூலிக்காரனும் கொடுக்கக்கூடிய விலையில் வைக்கவேண்டும் என்னும் இரண்டு கருத்துகள் அதில் அடங்கியிருந்தன.

இவ்விரண்டும் இல்லாததன் விளைவை இலங்கை 1934ஆம் ஆண்டின் இறுதியில் கண்டது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகக் கரைபுரளும் மகாவலி, மகா ஓயா, தெதுரு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று பாறைக்குழிகளில் குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களும் கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளும் கடுமையாகத் தாக்குண்டன. மலேரியா ஆண்டுதோறும் வருகின்ற வறண்ட வலயத்து மக்களுக்கு உடலில் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. இப்பகுதியினருக்கு அதுவும் இல்லை. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். உயரமான மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. பள்ளத்தாக்குக் கிராமங்களே வெறுமையாயின.

கொயினா அப்பொழுது வெளிநாட்டிலிருந்து வந்தது. அரசாங்கம் அதனைப் பெருமளவில் தருவித்துத் தற்காலிக மருந்து நிலையங்களை ஊர்தோறும் திறந்தது. எனினும் மாத்திரையை விழுங்கியவன் மறுநாள் உண்பதற்கு எதுவும் இல்லாமலிருந்தான். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞரும் வைத்தியரும் கிராமங்களுக்குச் சென்று மருந்தோடு உணவையும் வழங்கினர். அவ்வாறு சென்றோருள் ஒருவர் அரசாங்க சபை உறுப்பினராயிருந்த வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. நோய்க்கிருமி மட்டுமன்றிப் பசியும் இத்தனை பேரைக் கொன்றது என்பதை அவர் நேரிற் கண்டார். நாற்பது ஆண்டுகளுக்குள் அவருடைய பெயர் மருந்துகளின் வரலாற்றில் மீண்டும் இடம்பெறவிருந்தது.

1934ஆம் ஆண்டின் துயரம் வீணாகவில்லை. சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டில் வந்துவிட்டமையால் கிராமத்தவரின் குரலுக்கு அரசியலில் மதிப்பு இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கிராமிய வைத்தியசாலைகளும் மத்திய மருந்தகங்களும் பெருகின. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டீ.டீ.ரீ. தெளித்தல் தொடங்கியது. மலேரியா வேகமாகத் தணிந்து 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே காணப்பட்டது. விழிப்புக் குறைந்தபோது அதே பத்தாண்டின் இறுதியில் அது மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியதும், நெடிய உழைப்பின் பின்னர் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும் தனியே கூறத்தக்க வரலாறுகள்.

அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசமாயிற்று. ஆயின் எல்லா மருந்துகளும் எல்லாக் காலத்திலும் அங்கு இருப்பதில்லை. இல்லாதபோது நோயாளி துண்டுச்சீட்டோடு தனியார் கடைக்குச் செல்லவேண்டியிருந்தது. அங்கே நிலைமை வேறு. ஒரே மருந்து பற்பல நிறுவனங்களின் பற்பல பெயர்களில் அடுக்கப்பட்டிருந்தது. பெயருக்கேற்ப விலையும் மாறியது. வைத்தியர் எழுதிய வணிகப் பெயரைத் தவிர வேறொன்றை நோயாளி கேட்டறியான், கடைக்காரரும் கொடார். தன் ஒருநாட் கூலிக்கு மேற்பட்ட விலையைக் கொடுத்து வாங்கும் அதே பொருள், வேறு பெயரில் அதே அலமாரியில் குறைந்த விலைக்கு இருந்ததை அவன் அறியமாட்டான்.

இக்குறையைத் தம் வாழ்நாட் பணியாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1920ஆம் ஆண்டு பிறந்த அவர் கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் கற்று, எடின்பரோவில் ஆய்வுப்பட்டம் பெற்றார். மருந்தியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1962ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பேராதனை மருத்துவ பீடத்தைக் கட்டியெழுப்பியோருள் ஒருவர். அதன் பீடாதிபதியாகவும் கடமையாற்றினார். மாணவருக்கு மருந்தின் இயல்பைக் கற்பிப்பதோடு அதன் விலையையும் தேவையையும் சிந்திக்கக் கற்பித்தமை அவருடைய தனிச்சிறப்பு.

1950களின் இறுதியிலேயே அரச வைத்தியசாலைகளுக்கு வேண்டிய மருந்துகளைத் தெரிந்தெடுத்துப் பட்டியலிடும் குழுவில் பிபிலே முக்கிய பங்கு கொண்டார். எந்த நோய்க்கு எந்த மருந்து உண்மையாகவே தேவை, அதன் மூலப்பெயர் என்ன, அளவு என்ன என்பவற்றை விளக்கும் மருந்துக் கையேடு அதன் பயனாக வெளிவந்தது. அரச வைத்தியசாலைகளுக்கு நன்மை தந்த இம்முறையைத் தனியார் கடைகளுக்கும் விரிக்கலாகாதா என்பது அவருடைய வினா. 1971ஆம் ஆண்டு அவரும், மலேரியாக் காலத்தில் கிராமங்களுக்குச் சென்ற அதே எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து மருந்துகளின் நிர்வாகம் பற்றிய அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தனர். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார்.

அவர்கள் வகுத்த வழி எளிமையானது. முதலாவது, நாட்டுக்கு இன்றியமையாத மருந்துகள் எவை என்று தெரிந்தெடுத்தல். தனியார் சந்தையில் இருந்த ஏறத்தாழ 2,100 மருந்து வகைகள் ஏறத்தாழ 600ஆகக் குறைக்கப்பட்டன. இரண்டாவது, உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, தரத்தைச் சோதித்து, மொத்தமாக வாங்குதல். ஒருவர் வாங்குமிடத்தில் பலர் விற்க முன்வருவர், விலை இறங்கும். மூன்றாவது, வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவருதல். நான்காவது, மருந்துக் கம்பனிகளின் விளம்பரத்தாள்களுக்கு மாறாக, பக்கச்சார்பற்ற செய்திகளை வைத்தியருக்கு அனுப்புதல். ஐந்தாவது, மக்கள் நேரடியாக வாங்குவதற்கு அரச மருந்துக் கடைகளைத் திறத்தல். அக்கடைகளுக்கு 'ஒசுசல' என்று பெயரிடப்பட்டது. ஒசு என்பது மருந்து. சல என்பது சாலை. தமிழில் மருந்துச்சாலை என்பதே அதன் பொருள். கண்டி நகரிலும் ஓர் ஒசுசல அமைந்தது.

மருந்துக் கடையொன்று இலாபத்துக்காக அன்றி மக்களுக்காக நடத்தப்படும்போது அதன் பயன் தன் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. ஒசுசலவில் ஒரு மாத்திரையின் விலை இன்னது என்று தெரிந்தபின் பக்கத்துக் கடைக்காரர் தம் விருப்பம்போல விலை கூற இயலாது. நியாய விலைக்கடை ஒன்று சந்தை முழுவதற்கும் அளவுகோலாகிறது. பிபிலேயின் திட்டத்தில் இதுவே பெரும்பாலோர் கவனியாத நுட்பம்.

எதிர்ப்பு எழாமலில்லை. கம்பனிகள் எதிர்த்தமை வியப்பன்று. மூலப்பெயரில் வரும் மருந்தின் தரம் பற்றி வைத்தியர் சிலரும் ஐயம் எழுப்பினர். தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகூட வசதி அன்று நாட்டில் போதிய அளவு இருக்கவில்லை என்பதும் உண்மையே. 1970களின் நடுப்பகுதியில் வாந்திபேதி பரவியபோது தெற்றாசைக்கிளின் மருந்து அவசரமாக வேண்டியிருந்தது. கூட்டுத்தாபனம் குறைந்த விலைக்கு வாங்கிய மூலப்பொருளிலிருந்து மாத்திரை செய்துதர, நாட்டிலே தொழிற்சாலை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனம் ஒன்று மறுத்தது. உயிர் காக்கும் மருந்தை விமானம் மூலம் வெளிநாட்டிலிருந்து வருவிக்க நேர்ந்தது. சிறிய நாடொன்று தன் மக்களுக்கு மலிவான மருந்து தேடும்போது அதன் கைகள் எவ்வளவு தூரம் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை இந்நிகழ்ச்சி வெளிப்படுத்திற்று.

அக்காலத்திலேயே அரசின் மற்றொரு செய்கை எதிர்த்திசையில் இழுத்தமையும் குறிப்பிடத்தக்கது. 1971ஆம் ஆண்டு நிதி நெருக்கடியினால் வெளிநோயாளரிடம் 25 சதம் கட்டணம் அறவிடப்பட்டது. அத்தொகை சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை உடனே குறைந்தது. குறைந்தவர் நோயற்றவராகிவிட்டார் என்று கொள்ளலாகாது. காசற்றவர் வீட்டில் இருந்துவிட்டார் என்பதே அதன் பொருள். 1977ஆம் ஆண்டு அக்கட்டணம் நீக்கப்பட்டது.

1976ஆம் ஆண்டு கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு மருந்துத் துறையில் வளர்முக நாடுகள் ஒத்துழைக்கவேண்டும் என்று தீர்மானித்தது. இலங்கையின் அனுபவம் அதற்குத் தூண்டுகோலாயிருந்தது. 1977ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதலாவது மாதிரிப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிபிலே ஐக்கிய நாடுகளின் பணியில் கயானா சென்றிருந்தபோது காலமானார். இலங்கையில் ஆட்சியும் பொருளாதாரக் கொள்கையும் மாறின. இறக்குமதியிற் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த தனியுரிமை நீங்கியது. வணிகப் பெயர்கள் திரும்பி வந்தன. ஒசுசலக் கடைகள் மாத்திரம் நிலைத்து நின்றன. பிபிலேயின் கருத்து அவர் பிறந்த நாட்டைவிட வெளிநாடுகளில் வேகமாக வளர்ந்தது. 1982ஆம் ஆண்டு பங்களாதேசம் தேவையற்ற மருந்துகளை விலக்கும் கொள்கையை மேற்கொண்டது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தேர்ந்த பட்டியல், மொத்தக் கொள்முதல், தரச் சோதனை என்னும் அதே மூன்று தூண்களின் மீது அரச மருத்துவமனைகளுக்கான மருந்து வழங்கலை அமைத்துப் பெயர் பெற்றது.

இலங்கையிலும் அக்கருத்து முற்றாக மறையவில்லை. 1980ஆம் ஆண்டின் சட்டம் மருந்துகளின் பதிவையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தியது. 1987ஆம் ஆண்டு மருந்து உற்பத்திக்கெனத் தனிக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பிறந்தது. மறு ஆண்டு 48 மருந்துகளுக்கு உச்ச விலை குறிக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருந்தாளருக்கெனப் பட்டப்படிப்பும் இந்நூற்றாண்டில் அமைந்தது. தோட்டத்து டிஸ்பென்சரின் காலத்தில் அனுபவமே கல்வியாயிருந்த ஒரு தொழில், பல்கலைக்கழகக் கல்வியாக உயர்ந்தமை சிறிய மாற்றமன்று.

ஏனெனில் நோயின் இயல்பும் மாறிவிட்டது. மலேரியாவும் வாந்திபேதியும் ஒதுங்கிய இடத்தில் நீரிழிவும், இரத்த அழுத்தமும், இருதய நோயும் வந்து அமர்ந்துள்ளன. இவை சில நாள் மருந்தில் தீர்வன அல்ல. வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டுவன. கண்டி வைத்தியசாலைக்கு மாதம் ஒருமுறை செல்லும் நோயாளி, ஏனைய நாட்களில் ஐயம் கேட்பதற்கு அணுகக்கூடியவர் தம் ஊர்ச் சந்தியிலுள்ள மருந்தாளரே. மாத்திரையை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா. தலைச்சுற்று வந்தால் நிறுத்தலாமா. பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து உண்ணலாமா என்பன போன்ற கேள்விகளுக்குத் தக்க விடை கிடைத்தால் பல உயிர்கள் பிழைக்கும். அவ்விடை நோயாளி பேசும் மொழியிற் கிடைத்தல் வேண்டும். சிங்களமும் தமிழும் வழங்கும் மலைநாட்டில் மருந்துறையின்மேல் எழுதப்படும் குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், மருந்து பாதி வழியிலே நின்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வைத்தியரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சில்லறைச் சரக்குப்போல விற்கும் கடை, மக்களுக்கு உதவுவதுபோலத் தோன்றித் தீங்கு செய்கிறது. அளவு தவறி உண்ணப்படும் அம்மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிடுகின்றன. பின்னர் மெய்யான தேவை வரும்போது மருந்து பயனற்றுப் போகிறது. தோட்டத்து மருந்தறையில் எழுந்த அதே கேள்வி இங்கே மீண்டும் எழுகிறது. மருந்து கொடுப்பவர் தமக்குக் கூலி கொடுப்பவருக்குக் கடமைப்பட்டவரா, எதிரே நிற்கும் நோயாளிக்குக் கடமைப்பட்டவரா? தகுதிபெற்ற மருந்தாளர் கடையில் இருக்கவேண்டும் என்று சட்டம் கூறுவதன் காரணம் இதுவே.

அண்மைக் காலத்துச் சோதனைகள் இரண்டு இவ்வரலாற்றின் பாடத்தை மீண்டும் உறுதிப்படுத்தின. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் ஊரடங்கு அமுலில் இருந்தபோது, அரச வைத்தியசாலைகளில் மாதந்தோறும் மருந்து பெறும் நோயாளருக்கு அம்மருந்துகள் தபாற்காரரின் கையிலே வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. வங்காளத்தில் தபாற் கந்தோர் கொயினா விற்ற காலத்திலிருந்து 128 ஆண்டுகள் கடந்திருந்தன. வழி மாத்திரம் பழையதே. 2022ஆம் ஆண்டு நாடு அந்நியச் செலாவணியற்று நின்றபோது, மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் முன்னரே நாள் குறித்த சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இன்றியமையாதன எவை என்று தெரிந்தெடுத்து, சிக்கனமாக வாங்கி, இருப்பு வைத்தல் வேண்டும் என்று பிபிலே கற்பித்த ஊர் அதுவே என்பதை நினைக்குமிடத்து, இந்நிகழ்ச்சியின் கசப்பு இன்னும் மிகுகிறது.

கண்டி வட்டாரத்தின் மருந்து வரலாறு உணர்த்துவது இது. சிங்கோனாக் காடு நாட்டில் இருந்தமையால் மாத்திரம் மலேரியா நோயாளி பிழைக்கவில்லை. வைத்தியசாலை இலவசமானதால் மாத்திரம் துண்டுச்சீட்டோடு கடைக்குச் சென்றவனின் சுமை நீங்கவில்லை. மருந்து அருகில் இருக்கவேண்டும். அதன் விலை ஏழைக்கு இயலவேண்டும். அதைக் கொடுப்பவர் அறிவும் நேர்மையும் உடையவராய் நோயாளியின் மொழியில் பேசவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன் தரமாட்டா. மலைச்சரிவுகளில் சிங்கோனா மரங்கள் இன்று அருகிவிட்டன. ஆயினும் அம்மரங்கள் நின்ற காலத்தில் விடை காணப்படாத வினா, ஒவ்வோர் ஊர்ச் சந்தியிலும் உள்ள மருந்துக் கடையின் பலகைக்கு முன்னே இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு விடை கூறும் பொறுப்பு அரசுக்கும், மருந்தாளருக்கும், விலையையும் பெயரையும் கேட்டறியத் துணியும் பொதுமக்களுக்கும் உரியதாகும்.